மறைத்த கோப்புகளைத் திறப்போம்

அவைத் தலைவர் அவர்களே, அன்பு மிகுதியால் என்னை அளவுக்கு மேல் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்து இந்த அவையைப் பெருமைப்படுத்தும் நீதியரசர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அரசு நடத்திய பயங்கரம், ஆயுதக் குழுக்கள் நடத்திய பயங்கரம், இரண்டுக்கும் பணம் வந்த வழி என்று மூன்று கூறுகளைப் பேச வந்திருக்கிறேன்.

பயங்கரத்தை வெளிப்படையாகவே ஆட்சிக் கொள்கையாக்கியது 1793இன் பிரெஞ்சுப் புரட்சி அரசு. 1794 ஜூன் 10இல் வந்த சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரை மறுத்தது. விடுதலை இல்லையென்றால் மரணம், வேறு தண்டனை கிடையாது. விசாரணை என்ற பெயரில் சுமார் 17,000 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1881இல் ரஷ்யாவின் 'மக்கள் விருப்பம்' இயக்கம் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொன்றது. சில மாதங்களில் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. மூன்றாண்டுக்கு என்று வந்த அந்தச் சட்டம், நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 1917 வரை இருந்தது! குண்டு வீசியவர்கள் கேட்ட விடுதலை வரவில்லை. அவர்கள் கொடுத்த சாக்குதான் நிலைத்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அதற்குச் சான்று மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா.

அங்கே உள்நாட்டுப் போரில் இறந்தோரும் காணாமல் போனோரும் 2,00,000க்கு மேல் என்றது, அந்தப் போர்க்கால அத்துமீறல்களை விசாரித்த உண்மை ஆணையம், 1999இல். பதிவான அத்துமீறல்களில் 93 விழுக்காடு அரசுத் தரப்பு செய்தவை. ஆணையம் காவல்துறைக் கோப்புகளைக் கேட்டபோது, அப்படி எதுவும் இல்லை என்றே பதில் வந்தது. 2005 ஜூலையில் தலைநகரின் ஒரு காவல்துறை வளாகத்துக்கு வெடிபொருள் ஆபத்தைச் சோதிக்கப் போன மனித உரிமை அலுவலர்கள் கண்டது என்ன? கூரை வரை காகிதம்! பூஞ்சை பிடித்து, எலியும் வௌவாலும் குடியிருந்த சுமார் 8 கோடிப் பக்கங்கள்!

1984 பிப்ரவரி 18இல் காணாமல் போனவர் மாணவர் தலைவர் எட்கர் பெர்னாண்டோ கார்சியா. அவரைப் பிடிக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. அந்தக் குவியலில் ஒரு தாள் கிடைத்தது: அதே நாள், அதே இடத்து நடவடிக்கைக்காகக் காவலர்களுக்குப் பதக்கம் தரச் சொல்லும் பரிந்துரை. கொலையை மறைத்தவர்களுக்குப் பதக்க ஆசையை மறைக்கத் தெரியவில்லை. 2010இல் காவலர் இருவருக்கு 40 ஆண்டு சிறை. தந்தையைப் பிடித்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் அந்த நீதிமன்றத்தில் நின்றார். முழுப் பூசணிக்காய், ஐயா, 26 ஆண்டு கழித்து வெளியே வந்தது.

ஆயுதக் குழுக்களும் மறைத்தன. தென் அமெரிக்க நாடான பெருவில், அந்நாட்டு உண்மை ஆணையத்திடம் பதிவான உயிரிழப்புகளில் 54 விழுக்காட்டுக்கு 'ஒளிரும் பாதை' இயக்கமே பொறுப்பு. வட அயர்லாந்தில் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு 1972இல் கொன்று புதைத்த ஜீன் மெக்கான்வில் என்ற பெண்ணின் உடல் 2003இல்தான் கடற்கரையில் கிடைத்தது. குழுக்களிடம் கோப்பறை இருப்பதில்லை. புதைத்தவரின் நினைவுதான் ஆவணம். அதனால்தான் வட அயர்லாந்துக்காக 1999இல், புதைத்த இடத்தைச் சொல்பவரின் தகவலை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்த மாட்டோம் என்று சட்டமே செய்தார்கள்.

பணம் வந்த வழியை நேரம் கருதி விடுகிறேன். கோப்புகளை விட மாட்டேன். கிடைத்த தாளை உருவி எடுத்து ஓடக் கூடாது. எந்தக் காகிதக் கட்டுக்குள், எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். கட்டளைத் தாளும் அறிக்கையும் பரிந்துரையும் அடுத்தடுத்து இருந்தால்தான் ஆணையிட்டவர் யாரென்று தெரியும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, துருப்பிடித்த ஊசிகளைக் கையால் கழற்றி, படியெடுத்து, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். ஒரு படி வேறு நாட்டில் இருக்க வேண்டும். குவாத்தமாலாப் படி சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 2018இல் அந்தக் காப்பகத்தின் இயக்குநரை நீக்கினார்களே, அப்போது அந்தப் படியின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

தலைவர் அவர்கள் இன்று முன்மொழியும் தீர்மானத்தில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்க்க வேண்டுகிறேன். வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை இன்னும் ஏற்காத நாடுகள் ஏற்க வேண்டும். அதன் 24ஆம் பிரிவு உண்மையை அறியும் உரிமையைக் குடும்பத்துக்குத் தருகிறது. காவல், ராணுவக் கோப்புகளை அழிக்கும் அதிகாரம் அந்தத் துறைகளின் கையிலேயே இருக்கக் கூடாது. நன்றி, வணக்கம்.