நார்வேயில் எழுதிய பெண்களும் நம் ஊர் நூலகமும்

(வாசகர் வட்டத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மேடையில் சுருக்கிச் சொன்ன ஓரிரு இடங்களை மட்டும் இங்கே கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிற தலைமை ஆசிரியையான தாங்கள் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருப்பது எங்களுக்குப் பெருமை. நகர்மன்றத் தலைவர் அவர்களே, மன்றக் கூட்டம் முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், நன்றி. உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். நூலகர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் கதவைத் திறந்துவைத்த நூலக உதவியாளர் தம்பி, எனக்கு முன் அருமையாகப் பேசிய மருத்துவர் அம்மா, வாசகர் வட்டச் செயலாளர், பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கிற கல்லூரி மாணவியர், அவர்களை அழைத்து வந்த பேராசிரியைகள், அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நார்வேப் பெண் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கு செய்திகளைச் சொல்கிறேன். ஒன்று, அந்நாட்டில் முதலில் அச்சேறிய பெண். இரண்டு, நாவலைத் தொடங்கிவைத்த பெண். மூன்று, நோபல் பரிசு வரை போன கதை. நான்கு, நம் காலத்துக் கவிஞர்களும் நாவலாசிரியர்களும். இந்த நான்குக்கும் என்னிடம் உள்ள திறவுகோல் ஒரே ஒரு பழமொழி. என் கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

முதலில் தோரோதே எங்கெல்பிரெட்ஸ்தாத்தர். 1634இல் பெர்கன் நகரத்தில் பிறந்தவர், பாதிரியாரின் மனைவி. ஒன்பது பிள்ளை பெற்று, ஏழு பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவர். 1678இல் இவருடைய பக்திப் பாடல் தொகுப்பு வந்தது. துயரத்தில் இருக்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாடுகிற பாட்டு. விற்பனையோ விற்பனை, பதிப்பு மேல் பதிப்பு. அப்புறம் என்ன நடக்கும்? கேட்காமல் கொள்ளாமல் மற்றவர்கள் அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். நார்வே அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இந்தம்மா சும்மா இருக்கவில்லை. 'என் புத்தகத்தை என் அனுமதியில்லாமல் யாரும் அச்சிடக் கூடாது' என்று மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியனிடம் முறையிட்டு அரச உரிமை வாங்கினார். விதவையான பிறகு ஆயுள் முழுக்க வரிவிலக்கும் வாங்கினார். 1702இல் பெர்கனையே அழித்த பெருந்தீயில் அவர் வீடும் போனது. மாற்று வீடு கைக்கு வர 1712 ஆனது, அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பாட்டில் அவர் அழுதது கடவுளிடம், மனுவில் அழுதது மன்னரிடம். இரண்டிலும் அவர் குரல் தெளிவாக இருந்தது.

இரண்டாவது, கமிலா கொலெட். 1813இல் பிறந்தவர். அண்ணன் ஹென்ரிக் வெர்கெலான் அந்நாட்டின் பெருங்கவிஞர். கமிலா காதலித்ததோ அந்த அண்ணனின் இலக்கிய எதிரியான வெல்ஹாவன் என்ற கவிஞரை. அது கூடவில்லை. பிறகு கொலெட் என்ற சட்ட அறிஞரை மணந்தார். அவர் 1851இல் இறந்தபோது நான்கு ஆண் பிள்ளைகள், கையில் காசில்லை. வீட்டை விற்று, மூத்த பிள்ளைகளை உறவினர் வீடுகளில் விடவேண்டி வந்தது. அந்த நிலையில் எழுதியதுதான் 'மாவட்ட ஆளுநரின் மகள்கள்'. 1854லும் 55லும் இரண்டு பாகமாக வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல்.

அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சோபி என்ற பெண், கோல்ட் என்ற இளைஞனை மனதார விரும்புகிறாள். அவனும் அப்படித்தான். பெண்ணாகப்பட்டவள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற ஊரில், அவள் துணிந்து சொல்லியும் விடுகிறாள். அடுத்து, அவன் தன் நண்பனிடம் பேசுவது தற்செயலாக அவள் காதில் விழுகிறது. நண்பன் கேலி செய்வானே என்ற கூச்சத்தில், 'அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை' என்று மறுத்துப் பேசுகிறான். அவ்வளவுதான். அவள் விலகிப் போய், மனைவியை இழந்த ஒரு மூத்த பாதிரியாரை மணந்துகொள்கிறாள். அடிதடி இல்லை, வில்லன் இல்லை. ஒரு ஆணின் அரை நிமிடக் கூச்சம், ஒரு பெண்ணின் ஆயுள். நார்வே மொழியில் சமூகத்தைக் கூர்ந்து பார்த்த முதல் நாவல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் இவர் தன் கட்டுரை நூல் ஒன்றுக்கு வைத்த பெயர் 'ஊமைகளின் முகாமிலிருந்து', 1877. ஊமைகள் யார் என்று நான் விளக்கத் தேவையில்லை. பெயர் போடாமல் நாவல் எழுதிய அந்தப் பெண்ணின் முகம் பிறகு நார்வேயின் நூறு குரோனர் பண நோட்டில் வந்தது. ஓஸ்லோ அரண்மனைப் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இப்போது ஒரு கதை. நீளம்தான், ஆனால் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மனசு வராது. நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் இங்கே பலருக்கும் தெரியும். கல்லூரிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கணவனின் உயிரைக் காப்பாற்றக் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கும் நோரா, கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் நோரா. அந்த நோரா கற்பனையில் முளைத்தவள் இல்லை. பெயர் லவ்ரா கீலர். அவரும் எழுத்தாளர்! 1849இல் வடகோடித் துரும்ஸோவில் பிறந்தவர். இப்சனின் 'பிராண்ட்' நாடகத்துக்குத் தொடர்ச்சியாக 'பிராண்டின் மகள்கள்' என்று ஒரு புத்தகம் எழுதி 1869இல், இருபது வயதில், வெளியிட்டார். இப்சனுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. வானம்பாடி என்று செல்லமாகக் கூப்பிட்டார். நோராவைக் கணவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று நாடகத்தைத் திறந்து பாருங்கள்.

லவ்ரா டென்மார்க்கில் ஒரு ஆசிரியரை மணந்தார். கணவருக்குக் காசநோய். வெப்பமான தேசத்துக்குக் கூட்டிப் போனால்தான் பிழைப்பார் என்றார்கள். பணம் என்ற பேச்சை எடுத்தாலே அந்த மனிதர் கொதித்துவிடுவார். அதனால் அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கி, இத்தாலிக்கு அழைத்துப் போனார். அவரும் பிழைத்துவிட்டார். கடன் கழுத்தை நெரித்தது. என்ன செய்வார்? எழுதத் தெரியும். ராப்பகலாக ஒரு கையெழுத்துப் பிரதியை எழுதி முடித்து இப்சனுக்கு அனுப்பினார். 'உங்கள் பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' இப்சன் மறுத்துவிட்டார். எழுத்து தரமில்லை என்றார், எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிடு என்றார். கடிதம் வந்த அன்றே லவ்ரா அந்தப் பிரதியை எரித்தார். பொய்க் கையெழுத்துப் போட்டு ஒரு காசோலை தயாரித்தார். வங்கியில் பிடிபட்டுவிட்டது.

யாருக்காகச் செய்தாரோ அந்தக் கணவர் என்ன செய்தார்? பிள்ளைகளை வளர்க்க நீ லாயக்கில்லை என்றார். லவ்ரா மனமுடைந்து விழுந்தபோது மனநல விடுதியில் சேர்த்தார். பிரிவு கேட்டார். ஒரு மாதம் கழித்து வெளியே வந்த லவ்ரா, பிள்ளைகளுக்காகக் கெஞ்சித்தான் வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. 1879 டிசம்பரில் 'பொம்மை வீடு' வெளியானது. உலகமே நோராவுக்காகக் கண்ணீர் விட்டது. லவ்ராவைப் பார்த்தவர்கள் 'இதோ நோரா' என்று கை காட்டினார்கள். கணவனுக்காக அல்ல, வீட்டை அலங்கரிக்கத்தான் கடன் வாங்கினாள் என்று ஒரு பெரிய விமர்சகர் எழுதினார். அது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று லவ்ரா இப்சனை நேரில் பார்த்துக் கேட்டார். இப்சன் அழுதார் என்று சொல்கிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அவர் எழுதவே இல்லை. லவ்ரா 1932 வரை வாழ்ந்தார், நாவல் நாவலாக எழுதினார். இந்த அரங்கில் நோராவைத் தெரியாதவர் குறைவு. லவ்ராவைத் தெரிந்தவர் எத்தனை பேர், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொன்னேன். தனியாக அழுத பிள்ளையை விடுதியில் அடைத்த கதையும் அதே பழமொழிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் சேர்ந்து அழ வேண்டும் என்கிறேன். கல்யாணமான பெண்ணும் சட்டப்படி முழு உரிமையுள்ள ஆள்தான் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1888இல். 1884இல் தொடங்கிய பெண்ணுரிமைச் சங்கத்தின் காலம் அது. வயதான கமிலா கொலெட் அந்தச் சங்கத்தின் கௌரவ உறுப்பினர். 1913இல் வாக்குரிமையும் வந்தது.

மூன்றாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமாலியே ஸ்கிராம், 1846, பெர்கன்காரர். கப்பல் தலைவர் ஒருவரைப் பதினெட்டு வயதில் மணந்து உலகம் சுற்றியவர், பிறகு மணவிலக்குப் பெற்றவர். ஒரு கல்யாணம் உள்ளே எப்படி அழுகுகிறது என்று 'கொன்ஸ்டான்சே ரிங்' நாவலில் எழுதினார். அச்சுக் கோத்த பிறகு கோபன்ஹேகன் பதிப்பகம் பின்வாங்கியது. 1885இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1894இல் இவரையும் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளியே வந்ததும் மறு ஆண்டே அந்த அனுபவத்தை இரண்டு நாவலாக எழுதிவிட்டார். அங்கே பேராசிரியர் சொல்வதுதான் சட்டம், நோயாளி எது சொன்னாலும் அதுவே நோயின் அறிகுறி. நாடே அதைப் பற்றி விவாதித்தது. லவ்ரா எரித்ததையும் ஸ்கிராம் அச்சிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் நடுவில் இருந்தது திறமை வித்தியாசம் என்று நான் நம்பவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு இருந்ததா என்பதுதான்.

சிக்ரிட் உன்செட் பெயர் உங்களுக்குத் தெரியும். 1928 நோபல். இலக்கியத்துக்காக அதைப் பெற்ற மூன்றாவது பெண். பதினொரு வயதில் அப்பாவை இழந்து, பதினாறு வயதில் ஓர் அலுவலகத்தில் செயலராகச் சேர்ந்தார். பத்து ஆண்டு அந்த வேலை, எழுத்தெல்லாம் ராத்திரியில். முதலில் எழுதிய சரித்திர நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது, சரித்திரம் உனக்கு வராது என்ற அறிவுரையோடு. பதினான்காம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையைச் சொல்லும் 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்தாத்தர்' 1920 முதல் 22 வரை மூன்று பாகமாக வந்தது. அந்தச் சரித்திர எழுத்துக்குத்தான் முக்கியமாக நோபல்! பரிசுப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டார். 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பில் மூத்த மகன் போரில் இறந்தான். ஹிட்லரை முன்பே கடுமையாக எதிர்த்தவர் என்பதால் இவரும் தப்பி ஓடவேண்டி வந்தது. ஸ்வீடன், ரஷ்யா, ஜப்பான் என்று சுற்றி அமெரிக்கா போனார், 1945இல் ஊர் திரும்பினார். லில்லஹாமரில் அவர் வீடு இன்று அருங்காட்சியகம்.

நான்காவது செய்திக்கு நேரம் போதாது. கோரா சாண்டல், ஹல்டிஸ் மோரன் வேசாஸ், இங்கர் ஹாகெரூப், ஹெர்பியோர்க் வாஸ்மோ, விக்டிஸ் யோர்த் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் போடலாம். செயலாளர் ஏற்பாடு செய்தால் வருகிறேன். குன்வோர் ஹோஃப்மோ என்ற கவிஞரை மட்டும் விட்டுப்போக முடியாது. ரூத் மாயர் என்ற யூத அகதிப் பெண் அவருடைய உயிர்த்தோழி. ரூத் 1942 நவம்பர் 26 அன்று ஓஸ்லோ துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு, ஆஷ்விட்ச் என்ற நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார், இருபத்திரண்டு வயது. ரூத்தின் நாட்குறிப்புகளை ஹோஃப்மோ பத்திரப்படுத்தினார். 1953இல் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார், வேண்டாம் என்றுவிட்டார்கள். பல ஆண்டுகள் மனநல மருத்துவமனையிலேயே கழிந்தன அவருக்கு. 1995இல் அவர் இறந்த பிறகு, அவருடைய காகிதங்களுக்கு நடுவே ஒரு கவிஞர் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்தார். 2007இல் புத்தகமாயிற்று.

ஆக, எழுதுவது ஒரு பாதி. வாங்கிக் காப்பது மறு பாதி. நான் இத்தனை ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருப்பது இந்த மறு பாதிக்காகத்தான். நார்வே அரசு 1965இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. புதிதாக வரும் இலக்கிய நூல் தரமானது என்று குழு ஏற்றுக்கொண்டால், நூற்றுக்கணக்கான பிரதிகளை அரசே வாங்கி நாடெங்கும் பொது நூலகங்களுக்கு அனுப்பும். புது எழுத்தாளருக்கும் அதுதான், பெரிய எழுத்தாளருக்கும் அதுதான். ஆங்கிலத்துக்கோ ஜெர்மனுக்கோ உள்ள சந்தை இல்லாத சின்ன மொழியில் முதல் கவிதைத் தொகுப்புகூட நட்டமில்லாமல் வர இந்தத் திட்டமே பெரிய காரணம். நூலகத்தில் இரவல் போகும் புத்தகங்களுக்காக எழுத்தாளர்களுக்கு ஈட்டுத்தொகை தருவதை அவர்கள் 1947லேயே தொடங்கிவிட்டார்கள்.

நமக்கு மட்டும் என்ன குறை? 1948லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்துவரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். நகர்மன்றத் தலைவர் அவர்களே, நான் சொன்ன கோரிக்கை இதுதான். வசூலாகும் நூலக வரி பாக்கியில்லாமல் நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்கும் புத்தகத்தில் பெண்கள் எழுதிய முதல் நூல்களுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஊரிலுள்ள வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கும் பெண்களின் நாட்குறிப்பு, கடிதம், பாட்டு நோட்டு எதுவானாலும் வாங்கி வைக்க நம் கிளை நூலகத்தில் ஒரு பூட்டுள்ள அலமாரி வேண்டும். அலமாரிக்கான செலவை வாசகர் வட்டம் ஏற்கத் தயார் என்று செயலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இடமும் அனுமதியும் தாருங்கள், போதும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாசலுக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மாணவியர் முதலில் கையெழுத்துப் போடுங்கள். கல்லூரி முகவரி இல்லாமல் வீட்டு முகவரியை எழுதுங்கள், அப்போதுதான் உள்ளூர் வாசகர் கணக்கில் வரும். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட நூலக அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம். கூட வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்துப் பேசவிருக்கும் பேராசிரியை அம்மாவுக்கு வழிவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.