எந்த வரி அப்படிச் சொன்னது?

(நல்லூரில், ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலைப் பொழுதில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கதையோடு தொடங்குகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நானே எழுதிய சின்னக் கதை, ஒன்றரைப் பக்கந்தான்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்த ஓர் அப்பாச்சி. பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார். படுக்கும்போதும் அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. கனகாலம் கழித்து இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்படுகிறது. மகனும் பேத்தியும் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே வீடு இல்லை, பற்றைக்குள் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. கிணறு இருக்கிறது. மகன் போன கிழமை இறைத்துத் துப்புரவாக்கி வைத்த கிணறு. அவன் அள்ளி ஊற்றிய தண்ணீரை அப்பாச்சி இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கிறார். "தண்ணி மாறேல்லை" என்கிறார். பேத்தியையும் குடிக்கச் சொல்கிறார். கதை அவ்வளவுதான்.

'தண்ணி மாறேல்லை' என்று அப்பாச்சி கூறியதன் கருத்தை விளக்குக என்று கேட்டிருந்தேன். விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்த இருந்தேன். பெரும்பாலான தாள்களில் ஏறக்குறைய ஒரே வசனம்: 'இதன்மூலம் அப்பாச்சியின் தாய்மண் பற்றுப் புலப்படுகின்றது.'

பிழையான விடை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வசனத்தில் கிணறு இல்லை, தண்ணீர் இல்லை, இல்லாமற்போன வீடும் இல்லை. இடப்பெயர்வு பற்றிய எந்தக் கதைக்குக் கீழேயும் அதை அப்படியே எழுதிவிடலாம். எனக்குப் பிள்ளைகள்மேல் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. கதையை வாசித்த பிள்ளை, விடை எழுதும்போது அந்தக் கதையை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுகிறது. ஏன் அப்படி?

நான் கண்ட காரணத்தைச் சொல்ல நன்னூலுக்குப் போகவேண்டும். நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதிய இலக்கண நூல் அது, இந்த நல்லூரில் அதைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரிக்கிறார். முதலாவது அறிவினா, அடுத்தது அறியாவினா. விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பதையே அதற்கு உதாரணமாகச் சொல்லிப் படித்தோம். தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா.

கிரகித்தல் வினாக்கள், அதாவது ஒரு பகுதியை வாசித்து விளங்கி விடை எழுதும் வினாக்கள், எல்லாம் அறிவினாக்கள். அது பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும். விடை ஏற்கெனவே ரீச்சரிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் ரியூசன் கொப்பியில் இருக்கிறது. அப்படியென்றால் பிள்ளை கதையைத் தேடுமா, ரீச்சரின் மனதைத் தேடுமா? ரீச்சரின் மனதைத்தான் தேடும். 'தாய்மண் பற்று' அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்த விடை.

இது எங்கள் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள குறை என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற விரிவுரையாளர் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, கருத்து எழுதச் சொன்னார். கிடைத்தவற்றை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். நன்றாகப் படித்த அந்த மாணவர்களிலும் பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே பிடிபட்டிருக்கவில்லை. அதோடு, மனதில் முன்னமே தயாராய்க் கிடந்த உணர்ச்சிகளை எடுத்துக் கவிதைமேல் போட்டிருந்தார்கள் என்றும் அவர் எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு என் மேசையில் கிடந்த விடைத்தாள்கள்தான் ஞாபகம் வந்தன.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். விடைத்தாளில் புள்ளி போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஒரே கேள்வியைச் சிவப்பு மையால் எழுதினேன்: 'எந்த வரி அப்படிச் சொன்னது?' மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, கதையையும் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் திரும்ப வாசித்தார்கள். ஒரு மாணவன் எழுந்து, "ரீச்சர், அப்பாச்சி வீட்டைப் பற்றி ஒண்டுமே கதைக்கேல்லை" என்றான். நான் தேடிக்கொண்டிருந்தது அந்த விடையைத்தான். எல்லாம் மாறிப்போன இடத்தில் மாறாமல் இருந்த ஒன்றை மட்டும் அவர் சொல்கிறார். மாறிப்போனதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உவர்த் தண்ணீர் ஊரிலிருந்து வரும் இன்னொரு பிள்ளை, "நல்ல தண்ணிக் கிணறு கிடைக்கிறது லேசில்லை ரீச்சர், அது பெரிய சொத்து" என்றாள். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத, சுண்ணாம்புக்கல் நிலமான இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதுவும் சரியான விடைதான். இரண்டு பேருக்கும் முழுப்புள்ளி கொடுத்தேன். இரண்டு விடைக்கும் கதை சாட்சி சொல்கிறது.

விடை எங்கே இருக்கிறது என்பதையும் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் டாபி ரபேல் என்ற கல்வியியலாளர் 1980களில் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். சில வினாவுக்கு விடை ஒரே வரியில் கிடக்கும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று இடங்களில் கிடப்பதைத் தேடிச் சேர்க்கவேண்டும். சிலவற்றுக்குக் கதை பாதி தரும், மீதியை வாசிப்பவர் தரவேண்டும். இன்னும் சிலவற்றுக்கு வாசிப்பவரின் அனுபவம் மட்டுமே போதும். 'திறப்பை எங்கே வைத்திருந்தார்?' என்பது முதல்வகை. 'வீடு இல்லை என்பது மகனுக்கு முன்பே தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்று கதையில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் கிணறு போன கிழமை இறைத்தது. அப்படியென்றால் அவன் வந்திருக்கிறான், பார்த்திருக்கிறான், தாயிடம் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்த நேரம் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு பிள்ளை மட்டும், "பாவம் அவன்" என்றாள். அதுவரை அந்த மகனை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிள்ளைக்கு மொழி தெரிந்தாலும் கதைக்குள் இருக்கும் உலகம் தெரியாமல் இருக்கலாம். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய ஒரு பந்தியை 64 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் விளையாட்டை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் விளையாட்டை அறியாத பிள்ளைகளைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். எங்கள் நிலையை யோசியுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எரித்த ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலிச் செய்தி, தரைப்பாதை அடைபட்ட காலத்தில் படகில் போன கிளாலிக் கடற்பயணம், 1995 ஒக்டோபர் 30இல் இடம்பெயர்ந்து செம்மணியைக் கடந்த சனம். 2010இல் பிறந்த பிள்ளைக்கு இவை வெறும் சொற்கள். 'கிளாலியால் வந்தோம்' என்று கதையில் வந்தால், ஏதோ ஒரு பயணம் என்று வாசித்துக்கொண்டு போய்விடும். இதை ரியூசன் வகுப்பு சொல்லிக் கொடுக்காது. வீட்டில் இருக்கிற அம்மம்மாவும் அப்பாவும்தான் சொல்லவேண்டும். பெற்றோர்களே, பாடம் சொல்லித்தர எங்களுக்குத் தெரியாது என்று ஒதுங்கவேண்டாம். அந்த விளக்கில் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுவும் கிரகித்தலுக்கான உதவிதான்.

விடை எழுதும் முறை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'குறிப்பிடுக' என்றால் பெயரைச் சொன்னால் போதும், 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும், 'உமது சொந்த நடையில்' என்றால் கதை வசனத்தைப் பார்த்து எழுதக்கூடாது. இதைப் பிள்ளைகள் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கேள்வியை முதலில் பார்த்துவிட்டுக் கதையில் விடையை மட்டும் பொறுக்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து வகுப்பில் பழக்காதீர்கள். பரீட்சை மண்டபத்தில் நேரம் காணாது, அங்கே அது வேறு. வகுப்பில் முதலில் கதை முழுக்க வாசிக்கப்படவேண்டும், சத்தமாக, கேள்வித்தாள் இல்லாமல்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாளாவது கேள்வி கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் செய்தேன். கதையைத் திரும்ப வாசித்து, உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒன்றைக் கேளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, ஒருநாளும் கை உயர்த்தாத ஒரு பிள்ளை, பின்வாங்கில் இருப்பவள், எழுந்து கேட்டாள்: "ரீச்சர், வீடுதான் இல்லையே. பிறகு அந்தத் திறப்பை அவ என்ன செய்தவா?"

கதையை எழுதியது நான். முதல் பந்தியில் திறப்பை முடிந்து வைத்தேன், அதோடு அதை மறந்துவிட்டேன். "எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்றேன். அந்தப் பாடம் முடியும்வரைக்கும் வகுப்பு முழுவதும் கதையை வரிவரியாகப் புரட்டித் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தது.