மறுகாப்பீட்டு நிறுவனத்தின் தலைமையும் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் இரு சக்கர வண்டிக்கோ மளிகைக் கடைக்கோ நீங்கள் கட்டும் காப்பீட்டு பிரீமியத்தில் நூற்றுக்கு 4 ரூபாய், உங்களில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்துக்கு விதிப்படி போய்ச் சேருகிறது. மும்பை சர்ச்கேட்டில் தலைமையகம் கொண்ட ஜிஐசி ரீ என்ற அரசுத் துறை நிறுவனம் அது. இந்த 4 விழுக்காடு 2022-23 நிதியாண்டில் வந்தது; முன்பு இதைவிடக் கூடுதலாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் தன்னால் தனியாகத் தாங்க முடியாத பொறுப்பில் ஒரு பங்கை, அதற்குரிய பிரீமியத்தோடு சேர்த்து இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதைத்தான் மறுகாப்பீடு என்கிறோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது கார்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதி இப்படிப்பட்ட நிறுவனங்களின் கணக்கிலிருந்துதான் வந்தது.

நான் நெடுங்காலம் காப்பீட்டுக் கணக்குகளோடு உழன்றவன். என் தொழிலை அறிந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பெரிய பூகம்பமோ புயலோ வந்தால் இந்த நிறுவனங்கள் திவாலாகிவிடாதா? கேள்வி நியாயமானது, ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1906இல் சான்பிரான்சிஸ்கோ பூகம்பத்திலும் தீயிலும் அழிந்தபோது, 1863இல் தொடங்கிய ஸ்விஸ் ரீயும் 1880இல் தொடங்கிய ம்யூனிக் ரீயும் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றன. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப் போட்டது. அந்த ஆண்டையும் இவ்விரு நிறுவனங்களும் லாபத்திலேயே முடித்தன. பூகம்பத்தையும் புயலையும் எதிர்பார்த்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஆபத்து பெரும்பாலும் அலுவலகத்துக்கு உள்ளேயிருந்துதான் வந்திருக்கிறது. தலைமைச் செயல் அதிகாரியும் நிதித் தலைவரும் கண்விழித்துக் காக்க வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது என்பதை நான் சலிக்காமல் சொல்லி வருகிறேன். இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்விஸ் ரீயின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எனக்கு அலுக்காத கதை அது. 2001 செப்டம்பர் 11 அன்று தகர்க்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் காப்பீட்டில் மிகப் பெரிய பங்கை ஏற்றிருந்த நிறுவனம் ஸ்விஸ் ரீதான். அந்த ஆண்டு அது 16.5 கோடி சுவிஸ் பிராங்க் நிகர நஷ்டம் கண்டது. 1868க்குப் பிறகு அதன் முதல் நஷ்டம் அது. இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2006 ஜனவரியில் ஜாக் எக்ரேன் தலைமைச் செயல் அதிகாரியானார். முதலீட்டு வங்கித் துறையிலிருந்து வந்தவர். 2001 முதல் ஸ்விஸ் ரீயின் நிதிச் சேவைப் பிரிவை நடத்தியவர். புயலையும் தீயையும் மட்டுமே நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு நிதிச் சந்தையிலிருந்தும் வருமானம் வரட்டும் என்பது அன்றைய போக்கு. அதில் தவறில்லை என்று அப்போது பலர் எண்ணினார்கள். நேர்மையாகச் சொன்னால், எல்லாப் பழியையும் ஒரே மனிதர்மேல் போடுவதும் முறையாகாது. 2007 நவம்பரில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டே இரண்டு ஒப்பந்தங்களால் 120 கோடி பிராங்க் இழப்பு என்றது அந்த அறிவிப்பு. ஒரு வாடிக்கையாளர் கையிலிருந்த கடன் பத்திரங்களின் மதிப்பு விழுந்தால் ஈடுசெய்வதாக ஸ்விஸ் ரீ வாக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பத்திரங்களில் அமெரிக்க வீட்டுக் கடன்களின் மேல் எழுதப்பட்டவை இருந்தன.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம், ஏனென்றால் விஷயத்தின் மையம் இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் காப்பீடு போலவே தோன்றுகிறது: ஒருவர் கட்டணம் கொடுக்கிறார், இன்னொருவர் இழப்பை ஏற்கிறார். ஆனால் டோக்கியோவில் பூமி அதிர்ந்தால் அதன் காரணமாக ஃபுளோரிடாவில் புயல் அடிப்பதில்லை. ஒன்றின் இழப்பை மற்றொன்றின் பிரீமியம் தாங்கும் என்ற கணக்கின் மேல்தான் மறுகாப்பீடு நிற்கிறது. வீட்டு விலையோ ஓர் ஊரில் சரியத் தொடங்கினால் பல ஊர்களில் சேர்ந்து சரிகிறது; சரியும் அதே மாதங்களில், இழப்பீடு கொடுப்பதற்காக நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் பங்குகளும் கடன் பத்திரங்களும் கூடவே இறங்குகின்றன. கொடுக்க வேண்டிய கை நீள்கிற நேரத்திலேயே பெட்டி காலியாகிறது. இரண்டு பொறுப்புகள் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டுமா என்று கேட்பதுதான் மறுகாப்பீட்டுத் தலைவரின் முதல் வேலை.

2008ஆம் ஆண்டின் நிகர நஷ்டம் 86.4 கோடி பிராங்க். இரட்டைக் கோபுரங்கள் இடிந்த ஆண்டில் 16.5 கோடி என்றேன், நினைவிருக்கிறதல்லவா? பங்குக்கு 4 பிராங்க் கொடுத்து வந்த ஈவுத்தொகை 10 சென்டைமாக, அதாவது ஒரு பிராங்கில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2009 பிப்ரவரியில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 300 கோடி பிராங்க் கொடுத்தது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, மூன்றாண்டுகளுக்குப் பிறகு பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமை. அதே மாதம் எக்ரேன் விலகினார். தரநிர்ணய நிறுவனமான எஸ் அண்டு பி, ஏஏ மைனஸ் என்ற மதிப்பை ஏ பிளஸ் ஆகக் குறைத்தது. கணிதம் படித்தவரும் மறுகாப்பீட்டிலேயே வளர்ந்தவருமான ஸ்டெஃபான் லிப்பெ பொறுப்பேற்றார். அவர் பெரிய தரிசனம் எதையும் அறிவிக்கவில்லை. நிதிச் சந்தை ஒப்பந்தங்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தார். 2011 ஜனவரியில் பெர்க்‌ஷயருக்கு 360 கோடி பிராங்க் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து வட்டி தனி. அந்த ஆண்டின் அக்டோபரில் ஏஏ மைனஸ் திரும்பக் கிடைத்தது. இவ்வளவு விலை கொடுத்தாவது கடனை முன்கூட்டியே அடைத்தது சரியான முடிவு என்பது என் கருத்து. பங்காக மாற விட்டிருந்தால் பழைய பங்குதாரர்கள் இதைவிடக் கூடுதலாக இழந்திருப்பார்கள்.

அடுத்தது, நான் அதிகம் பேசி நண்பர்களைச் சலிப்படையச் செய்யும் பொருள்: ஒதுக்கீடு, அதாவது இனிக் கொடுக்க வேண்டிவரும் இழப்பீடுகளுக்காக இன்றே எடுத்து வைக்கும் தொகை. எந்த ஆண்டறிக்கையையும் நான் பின்பக்கத்திலிருந்தே படிக்கிறேன். முன்பக்கத்தில் தலைவரின் புகைப்படமும், பின்பக்கக் குறிப்புகளில் ஒதுக்கீடுகளும் இருக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மொய்ப் பணம் கையில் இருக்கிறது, சமையல்காரரும் பந்தல்காரரும் இன்னும் கணக்குக் கொண்டு வரவில்லை. அந்த நேரத்தில் எல்லாக் குடும்பமும் செல்வந்தக் குடும்பமே. மறுகாப்பீட்டில் அந்தக் கணக்கு வந்து சேரப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த தொழிலாளிக்கு நோய் தெரியவே பல பத்தாண்டுகள் பிடித்தன. பாலிசி எழுதியவர்கள் ஓய்வு பெற்ற பின்னரே வழக்குகள் வந்தன.

இதைப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டினால் எளிது. வானொலியில் அது நடவாது. ஆகவே ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலாண்டு முடிந்திருக்கிறது. வரப்போகும் இழப்பீட்டைக் கணக்கிடும் கணிப்பாளர் ஒரு தாளை வைத்து, அமெரிக்கப் பொறுப்புக் காப்பீட்டுக்கு, அதாவது பிறருக்கு விளைவித்த கேட்டுக்காக வழக்கு வந்தால் ஈடுசெய்யும் காப்பீட்டுக்கு, இனிக் கொடுக்க வேண்டியது 80 கோடியிலிருந்து 110 கோடிக்குள் இருக்கும் என்கிறார். இரண்டு முனைகளுமே தர்க்கத்துக்கு உட்பட்டவை. 80ஐ எடுத்தால் இந்த ஆண்டு லாபம் 30 கோடி கூடும், ஊக்கத்தொகையும் கூடும், யாரும் பொய் சொன்னதாகாது. 110ஐ எடுத்தால் இயக்குநர் குழுவில் கேள்வி எழும். அந்தத் தாளில் எந்த எண்ணுக்குக் கீழே நிதித் தலைவர் கையெழுத்திடுகிறார் என்பதைப் பார்த்தால், அந்த நிறுவனத்தின் தலைமை எப்படிப்பட்டது என்று நான் சொல்லிவிடுவேன்.

சூரிக் குழுமத்திலிருந்து 2001 டிசம்பரில் பிரிந்து பங்குச் சந்தைக்கு வந்த கன்வீரியம் என்ற நிறுவனம், 2004 ஜூலையில் தன் அமெரிக்க ஒதுக்கீடு போதவில்லை என்று அறிவித்தது. 1990களின் பிற்பகுதியில் மலிவாக எழுதிய பாலிசிகளின் கணக்கு வந்து சேர்ந்திருந்தது. பங்கு விலை சரிந்தது, தரமதிப்பு போயிற்று, அமெரிக்காவில் புதிய வியாபாரமே நின்றது. 2007இல் அதை வாங்கிய பிரெஞ்சு நிறுவனம் ஸ்கோர், அதே நோயில் சிலகாலம் முன்பு உயிருக்குப் போராடியிருந்தது. 2002 நவம்பரில் அங்கே பொறுப்பேற்ற தெனி கெஸ்லர் செய்தவை யாருக்கும் உவப்பானவை அல்ல: பழைய ஒதுக்கீடுகளை உயர்த்தினார், பெர்முடா துணை நிறுவனத்தில் புதிய வியாபாரத்தை நிறுத்தினார், பங்குதாரர்களிடம் இருமுறை புதிய மூலதனம் கேட்டார். தப்பிய நிறுவனம், தப்பாத நிறுவனத்தை வாங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை காட்டுகிறார். ஸ்விஸ் ரீ கதையை நான் நீட்டியதன் விளைவு இது. பிரீமிய விலை சரிந்த ஆண்டுகளில் ‘இந்த விலைக்கு எழுத மாட்டோம்’ என்று சொல்லும் துணிவைப் பற்றி, மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களின் ஜனவரி 1, ஏப்ரல் 1 புதுப்பித்தல் பேரங்களை வைத்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அதற்கு நேரமில்லை. நம் ஜிஐசி ரீயைப் பற்றி ஒன்று மட்டும். 2020இல் காப்பீட்டு நிறுவனங்களைத் தரமதிப்பிடும் ஏஎம் பெஸ்ட் நிறுவனம் அதன் தரமதிப்பை ஏ மைனஸிலிருந்து பி பிளஸ் பிளஸ் ஆகக் குறைத்தது. பல வெளிநாட்டு நிறுவனங்கள் ஏ வரிசைக்குக் கீழே உள்ளவர்களிடம் மறுகாப்பீடு வாங்குவதில்லை. ஆகவே ஓர் எழுத்து இறங்கினால் வியாபாரமும் இறங்குகிறது. அந்த எழுத்தை மீட்க 2024 வரை ஆயிற்று.

அதே 2024இல் ஸ்விஸ் ரீயின் புதிய தலைமைச் செயல் அதிகாரியாக ஜூலையில் ஆண்ட்ரியாஸ் பெர்கர் வந்தார். நவம்பரில் அமெரிக்கப் பொறுப்புக் காப்பீட்டு ஒதுக்கீட்டில் 240 கோடி டாலரை நிறுவனம் ஒரேயடியாகச் சேர்த்தது. அந்த ஆண்டுக்கு வைத்திருந்த 360 கோடி டாலர் லாப இலக்கு கைவிடப்பட்டது. கிடைத்தது 320 கோடி. நன்றி, வணக்கம்.