செய்து முடித்த பிறகு விற்றுக்கொள்ளலாமா?

அடுத்த கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்காகக் கணக்கு எழுதும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாராம். வேலை முடிய இன்னும் 8 மாதம் ஆகும், விற்பனையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

கூடாது தம்பி. பட்டவன் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது அல்லவா? கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளை மனதில் வைத்து நானும் அப்போது ஒரு பில் மென்பொருள் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கடை கடையாக ஏறி இறங்கினேன். “எங்கள் ஆடிட்டர் சொன்னதை வாங்கிவிட்டோமே” என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எதை வாங்குவது என்று முடிவு செய்தவர் ஆடிட்டர். நான் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்பே தெரிந்திருந்தால் மென்பொருளையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். கலர் கலராகத் திரை செய்ததை விட்டுவிட்டு, ஆடிட்டர் கேட்கும் விதத்தில் மாதக் கணக்கு வந்து விழும்படி செய்திருப்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் ஒரு கமிஷன் கடையில் போய் நில்லுங்கள். மூட்டை இறங்கும், தராசில் ஏறும், விலை சொல்வார்கள், கணக்குப்பிள்ளை சிட்டையில் கிறுக்கி விவசாயி கையில் கொடுப்பார். எல்லாம் ஈரக் கை. அந்த நேரத்தில் கைபேசியை யார் தட்டிக்கொண்டிருப்பார்கள்? கூட்டம் கலைந்த பிறகு பதிவதுபோல்தான் செயலி இருக்க வேண்டும். இன்னொன்று, விலை வரைபடத்துக்கெல்லாம் முதலாளி பத்துப் பைசா தரமாட்டார். விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று சரியாகக் காட்டினால் தருவார். இது என் கணிப்பு. நீங்கள் கேட்டு உறுதி செய்யுங்கள்.

விலையையும் இப்போதே போட்டுப் பாருங்கள். மாதம் 300 ரூபாய் வீதம் 40 கடை பிடித்தாலும் 12,000 ரூபாய்தான். கோளாறு பார்க்க ஒரு பையனை வைத்தால் அவன் சம்பளத்துக்கே காணாது. அப்படியானால் விலையை ஏற்ற வேண்டும், அல்லது நிலக்கோட்டை, திண்டுக்கல் சந்தைகளுக்கும் போக வேண்டும். அங்கெல்லாம் விவசாயி கணக்கில் கழிவு, அதாவது பிடித்தம், போடும் முறை இதேதானா? இதைக் கேட்காமல் எழுதினால் பிறகு பாதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் காலணிக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்த பிறகுதான் அதே கடையில் வாங்கி அனுப்பினார். கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. ஜாப்போஸ் நிறுவனம் தொடங்கியது அப்படித்தான். நீங்களும் 3 கடைகளில் தினமும் சிட்டையைப் படம் எடுத்து வாருங்கள். வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து மாலைக்குள் கணக்கை அனுப்புங்கள். முதல் மாதமே பணம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தருகிறார்களா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதலாம்.

பேசப் போவதற்கு மட்டும் முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூட்டையோடு மூட்டையாக உங்களையும் தராசில் ஏற்றிவிடுவார்கள்.