உள்ளே போய்ப் பார்க்க ஓர் ஆள்

(முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாளையொட்டி, விருதுநகர் மாவட்டக் கிராமம் ஒன்றின் நூலகத்தில் ஓய்வுபெற்ற பத்திரப்பதிவுத் துறை அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அம்மாவுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். பகலெல்லாம் பட்டாசு ஆலையில் நின்றுவிட்டு, இரவுச் சமையலையும் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மகளிர் குழுப் பெண்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உண்மையில் உங்களிடம் பேசத்தான் வந்தேன். முன் வரிசையில் இருக்கிற பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

ஜூன் 15 முதியோர் மீதான கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாள். ஐ.நா. பொதுச் சபை 2011 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. இந்த நாளைப் பற்றி அவ்வளவு சொன்னால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஒரு கணக்கை மட்டும் கேளுங்கள்: அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர், ஓர் ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் கொடுமைக்கு ஆளாகிறார். அப்படி நடப்பதில் 24-க்கு ஒன்றுதான் வெளியே வருகிறது. மிச்சம் 23 வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. நான் பேசப்போவது அந்த 23-ஐப் பற்றி.

நம் பக்கத்து ஊர்களில் முதியோர் கொடுமை என்றாலே எல்லாருக்கும் தலைக்கூத்தல்தான் ஞாபகம் வரும். வயதானவர் சாகட்டும் என்றே, விடிகாலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. மதுரை, தேனி, விருதுநகர் வட்டாரத்துக்கே இது ஒரு கெட்ட பெயராகிவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை, அது கொலை. 2010-இல் நம் மாவட்டத்தில் ஒரு பெரியவர், தனக்கு நாள் குறிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தப்பித்து ஓடி ஓர் உறவினர் வீட்டில் அடைக்கலமானார். செய்தி வெளியே வந்து, மாவட்ட நிர்வாகம் தலையிட்டது. அந்தச் செய்தியில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். ஓடிப்போக அவருக்கு ஒரு வீடு இருந்தது. நடக்கக் கால் இருந்தது. இரண்டும் இல்லாதவர்கள் எத்தனை பேர்?

கொலை வரைக்கும் போகாத கொடுமைதான் அதிகம். நமக்கு அது கொடுமையாகவே தெரிவதில்லை, அதுதான் சிக்கல். மூன்று மகன்கள் இருந்தால் முறை வைத்துச் சோறு போடுவதைப் பாருங்கள். மாதம் ஒரு வீடு. பார்க்க நியாயமான ஏற்பாடுதான். 31 நாள் உள்ள மாதத்தில் கடைசி நாள் யார் கணக்கு என்று கேட்டுப் பாருங்கள், அந்த நியாயத்தின் லட்சணம் தெரிந்துவிடும். முறை முடிகிற அன்று துணிப்பையும் தட்டும் டம்ளரும் திண்ணைக்கு வந்துவிடும். அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில் என்று பிரிப்பதும் உண்டு. ஐம்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்கள், கோயில் திருவிழாவில் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அது கொடுமைதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சண்டைக்கு வரலாம்.

அப்புறம் பணம். 2023-இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்ட முதியோர் உதவித்தொகை, பாட்டியின் பெயரில் பாட்டியின் கணக்குக்கு வருகிறது. ஏ.டி.எம். கார்டு பேரன் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிப் பணம் தருகிற ஊர்களிலும் ரேகை பாட்டியுடையது, நோட்டை வாங்குகிற கை வேறு. "சோறு போடுறோம்ல, அப்புறம் அதுக்கு எதுக்குக் காசு?" என்பார்கள். வெற்றிலை வாங்க, பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்க, மகள் வீட்டுக்கு பஸ் ஏற வேண்டாமா? கையில் காசு இல்லாத மனுஷி வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். வெளியே வராதவளுக்கு என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இனி என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் அதிகம் பார்த்த காட்சி தான செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற பத்திரம். ஆட்டோவில் பெரியவரைக் கூட்டி வருவார்கள். அன்றைக்கு மட்டும் வேட்டி புதுசாக இருக்கும், மதியம் பிரியாணியும் உண்டு. "முழு சம்மதத்தோடதான் எழுதிக் கொடுக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டால், அவர் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. கிரயம் எழுதுவதைவிட மிகக் குறைவான செலவு. அதனால் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். செலவு குறைவு என்பது வாங்குகிறவருக்கு லாபம். கொடுக்கிறவருக்கு அன்றோடு வீடு போயிற்று.

உயில் அப்படியில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையது. மாற்றலாம், கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம், முத்திரைத்தாளும் தேவையில்லை. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும், உயில் எழுதி வைப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, என் ஆயுள் வரைக்கும் இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு. இரண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்வேன். எழுத்தரிடம் கேட்டால் எழுதித் தருவார். பத்திரம் எழுதுகிற அன்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா, மனதில் இருந்தால் போதுமா என்பதில்தான் வழக்குகள் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், அந்த நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பின் பேரில் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் பராமரிப்பு என்ற நிபந்தனை எழுதாமலே அடங்கியிருக்கிறது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் எண்பது வயதில் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைவரைக்கும் வழக்காட எல்லாராலும் முடியுமா? இரண்டு வரி எழுதிவிடுவது சுலபம்.

பராமரிப்புத் தொகை கேட்பதற்கு நீதிமன்றத்துக்கே போக வேண்டாம். இதற்கென்று அந்தச் சட்டத்தில் தீர்ப்பாயம் உண்டு; கோட்டாட்சியர்தான் (ஆர்.டி.ஓ.) அதற்குத் தலைவர். நமக்கு சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று மூன்று கோட்டங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் உத்தரவிடலாம். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாள். பிள்ளை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரைக் கேட்கலாம். பெரியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெண்களே, இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் மனு கொடுக்க பெரியவரே போக வேண்டும் என்பதில்லை. அவரால் முடியாவிட்டால், அவர் சம்மதித்து அனுப்புகிற வேறு யாரும், பதிவு பெற்ற ஓர் அமைப்பும்கூடக் கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே கையில் எடுத்துக்கொள்ளவும் முடியும். உங்கள் மகளிர் குழுவில் ஒருவர் கொடுக்கலாம், இந்த நூலக வாசகர் வட்டத்தில் ஒருவர் கொடுக்கலாம். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், இதைத் தெரிந்து வைத்திருக்கிற குழுக்களை நான் பார்த்தது மிகக் குறைவு.

ஆனால் மனு கடைசிக் கட்டம். பெரியவர்கள் புகார் சொல்லவே மாட்டார்கள். "நாளைக்குக் கொள்ளி வைக்க அவன்தானே வரணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆகவே அவர்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாம்தான் போக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஆலை வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான். அந்த நேரத்தில் வீடு வீடாக உள்ளே போகிற ஆள் ஒருவர் இருக்கிறார்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டு வருகிறவர். 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் வீட்டுக்கே வருகிறது. தபால்காரர் வருகிறார். காவல் நிலையத்துக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரியும். போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறதா? எப்போது போனாலும் "தூங்குறாங்க" என்கிறார்களா? பகலில் கதவு வெளியே பூட்டியிருக்கிறதா? முதுகில் படுக்கைப் புண்ணா? பாட்டி பேசும்போதெல்லாம் வேறு யாராவது பக்கத்தில் வந்து நிற்கிறார்களா? இதில் எதைப் பார்த்தாலும் குழுத் தலைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விசாரணை செய்வது உங்கள் வேலை இல்லை. அடுத்த வாரம் குழுவிலிருந்து இரண்டு பேர் சும்மா பேசப் போவது போலப் போக வேண்டும், பாட்டியிடம் தனியாகப் பத்து நிமிஷம் உட்கார வேண்டும்.

பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், நம் ஊரில் இதைத்தான் முதலில் செய்கிறோம். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் மகனை நிற்க வைத்துத் தலைகுனிய வைப்போம், அவனும் சரி சரி என்பான். அன்று ராத்திரி அந்த அவமானத்துக்கு விலை கொடுப்பது யார்? அந்த அம்மாதான். சமாதானம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டுக்குள் பேசுங்கள். பேசிவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள், ஒரு மாதம் கழித்தும் போங்கள். யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது தெரிந்தாலே பாதி வீடுகளில் தட்டில் சோறு ஒழுங்காக விழும்.

மருமகள்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் எல்லாரும் மருமகளைத்தான் திட்டுவார்கள், கைதட்டலும் கிடைக்கும். முதியோருக்காக வேலை செய்கிற தொண்டு நிறுவனமான ஹெல்ப்ஏஜ் இந்தியா, முதியோரிடமே கேட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் முதலில் வந்தது மகன், மருமகள் இரண்டாவதுதான். படுத்த படுக்கையாக இருக்கிற மாமியாருக்கு மூத்திரத் துணி மாற்றிவிட்டு ஆலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி மாற்றுகிற பெண்ணுக்கு என்றைக்காவது ஒரு நாள் கை ஓங்கிவிடும். அது தப்புதான். அந்த நாள் வராமல் தடுக்க, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் குழுவில் ஒருவர் மாற்றாளாகப் போய் உட்காரலாமே. அவள் தலைக்குக் குளித்துவிட்டு, கடைக்குப் போய் வரட்டும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கும் புண்ணுக்கு மருந்து கட்டுவதற்கும் மக்களைத் தேடி மருத்துவத்திலேயே நோய்த் தணிப்புச் செவிலியர் உண்டு, கேட்டால் வருவார்.

முதியவர்களும் குழு சேரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கரையோரத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா முதியோருக்கென்றே சுய உதவிக் குழுக்கள் அமைத்தது. சேமிப்பு, கடன், சின்னத் தொழில் எல்லாம் நம் மகளிர் குழு மாதிரிதான். கடன் கிடைப்பது நல்லதுதான், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கூட்டம் நடப்பது. குழுக் கூட்டத்துக்கு அப்பத்தா வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆட்கள் இருப்பார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அக்டோபர் 1 முதியோர் தினம்; மறுநாள் காந்தி ஜெயந்தி கிராமசபை. தனியாக இருக்கிற, படுக்கையில் இருக்கிற பெரியவர்களைத் தெருவாரியாகப் பார்த்து வர ஆட்களை அமர்த்துவது என்று அங்கே ஒரு தீர்மானம் வையுங்கள். யார் வீட்டில் கொடுமை என்று அங்கே யாரும் பேசக்கூடாது, தெருவும் ஆட்களும் மட்டும் போதும். 14567 இலவச எண்; முதியோர் உதவிக்கானது, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நேரம் பார்க்காமல் 112. இரண்டையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்க தலைவர் சம்மதித்திருக்கிறார்.

நூலகர் அம்மா மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தெருப் பெயர்கள் எழுதியிருக்கின்றன, எதிரில் பெயர் எழுத இடம் காலியாக இருக்கிறது. பத்திரம் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் இருந்தால் இருங்கள், படித்துச் சொல்கிறேன். இனி எழுதப் போகிறவர்கள் அதற்கு முன்னால் வந்தால் இன்னும் நல்லது. நன்றி, வணக்கம்.