நாத்தனார் வீட்டுச் சிலை: இசபெல்லா தெஸ்தேயின் குடும்ப அரசியல்

[திரையில்: இத்தாலி வரைபடம். உர்பினோவிலிருந்து மாந்துவாவுக்கு ஒரு கோடு நீள்கிறது.]

1502, ஜூன் மாதம். போப்பின் மகன் செசாரே போர்ஜியா உர்பினோ நகரத்தை ஒரே இரவில் பிடித்துவிடுகிறார். அந்த ஊரின் டியூக் குயிதோபால்தோ கட்டிய துணியோடு தப்பி, மாந்துவாவுக்கு வந்து சேர்கிறார். அவர் மனைவி எலிசபெத்தா ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். அது அவருடைய பிறந்த வீடு. அண்ணன் பிரான்செஸ்கோ கொன்சாகாதான் மாந்துவாவை ஆள்பவர். அண்ணி, இசபெல்லா தெஸ்தே.

நாத்தனாரும் அவர் கணவரும் ஊரை இழந்து வந்து நிற்கிறார்கள். இசபெல்லா அன்போடு வரவேற்று இடம் கொடுக்கிறார். அப்புறம் அதே மாதம் 30ஆம் தேதி, ரோமில் கார்டினலாக, அதாவது போப்புக்கு அடுத்த நிலை மதகுருவாக இருக்கும் தன் தம்பி இப்போலிதோவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உர்பினோ அரண்மனையில் காதல் தெய்வமான வீனஸின் பழைய சிலை ஒன்றும், அவள் மகன் க்யூபிட்டின் சிலை ஒன்றும் இருக்கின்றன. போர்ஜியாவிடம் பேசி எனக்கு வாங்கிக் கொடு என்று.

[திரையில்: மாந்துவா அரண்மனையின் முற்றம்.]

சிலைகள் வந்து சேர்ந்தன. அந்த க்யூபிட், இளம் வயது மைக்கலாஞ்சலோ செய்தது. பழங்காலச் சிலை என்று சொல்லி ரோமில் ஒரு கார்டினல் தலையில் கட்டப்பட்ட அதே சிலைதான். இசபெல்லாவுக்கு அது புதுசு என்று தெரிந்தும் பிடித்திருந்தது. இந்தக் காலத்து வேலைகளில் இதற்கு ஈடில்லை என்று கணவருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு குயிதோபால்தோவுக்கு உர்பினோ திரும்பக் கிடைத்தது. சிலை மட்டும் மாந்துவாவிலேயே தங்கிவிட்டது.

இசபெல்லாவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஓவியங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். லியோனார்டோ டாவின்சி அவரைச் சாக்கட்டியில் வரைந்தது, எத்தனை முறை கேட்டும் அதை வண்ண ஓவியமாக்கிக் கொடுக்காமல் நழுவியது, எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், அவர் கைதேர்ந்த வித்தை சொந்தக்காரர்களைக் கையாள்வது. கலை சேர்த்ததும்கூட அந்த வழியில்தான் என்பதற்கு க்யூபிட்டே சாட்சி.

[திரையில்: குடும்ப மரம். ஃபெராரா, நேப்பிள்ஸ், மிலான், மாந்துவா.]

1474இல் ஃபெராராவில் பிறந்தவர். அப்பா டியூக் முதலாம் எர்கோலே. அம்மா எலியோனோரா, நேப்பிள்ஸ் மன்னரின் மகள். 6 வயதிலேயே பிரான்செஸ்கோவுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மிலானின் லூதோவிகோ ஸ்போர்ட்சா பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மாந்துவாவைவிடப் பல மடங்கு பணமும் பலமும் உள்ள இடம். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே! அதனால் தங்கை பெயாத்ரிச்சேயை அவருக்குப் பேசி முடித்தார்கள். அந்தத் தங்கை 1497இல் பிரசவத்தில் இறந்தபோது வயது 21தான்.

இசபெல்லா 1490இல், 15 வயதில் மாந்துவாவுக்கு மருமகளாக வந்தார். கணவர் கூலிக்குப் படை நடத்தும் தளபதி. குதிரை, போர், வெளியூர் என்று காலம் போகும். ஊர் நிர்வாகம் மனைவி கையில். அவர் அனுப்பிய கடிதங்களை எழுத்தர்கள் பிரதி எடுத்து வைப்பார்கள். அப்படி ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்றும் மாந்துவா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரி, வழக்கு, கையுறை, வாசனைத் தைலம், பிள்ளைகள் உடல்நிலை, போர்ச் செய்தி என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

தாம்பத்தியம்? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தம்பி அல்ஃபோன்சோ 1502இல் லுக்ரேசியா போர்ஜியாவைக் கல்யாணம் செய்தார். கொஞ்ச நாளில் அந்தத் தம்பி மனைவிக்கும் இசபெல்லாவின் கணவருக்கும் ரகசியக் கடிதப் போக்குவரத்து. தம்பி மனைவி யார் என்றால், உர்பினோவைப் பிடித்த செசாரேயின் சொந்தத் தங்கை!

[திரையில்: வெனிஸ் நகரம். பிறகு ஒரு சிறுவனின் உருவப்படம்.]

1509இல் பிரான்செஸ்கோவை வெனிஸ்காரர்கள் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம், மாந்துவா முழுக்க இசபெல்லா பொறுப்பு. விடுதலைக்கு ஜாமீனாக மூத்த மகன் ஃபெதெரிகோவைக் கொடு என்று கேட்டார்கள். பெரிய அரசர்கள் கேட்டும் மறுத்தவர், கடைசியில் போப் இரண்டாம் ஜூலியஸ் கேட்டபோது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு 10 வயது. அவன் முகமாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று பிரான்சியா என்ற ஓவியரிடம் படம் வரையச் சொன்னார். அந்தப் படம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: கறுப்புத் தொப்பி, நீளமான முடி, இடுப்பு வாளைப் பிடித்த சின்னக் கை.

இதில் சிக்கல் என்னவென்றால், விடுதலையான கணவரைப் போப் தன் படைக்குத் தளபதியாக்கினார். அந்தப் படை எதிர்த்து நின்றது ஃபெராராவை, அதாவது இசபெல்லாவின் தம்பியை. மகன் போப்பிடம், கணவர் போப் பக்கம், பிறந்த வீடு எதிர்ப்பக்கம். அவர் கணவர் பெயருக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டு, தம்பிக்கும் சத்தமில்லாமல் உதவினார். நேர்மை இதில் எங்கே என்று கேட்கலாம். இரண்டு ஊரும் பிழைத்தன. பிரான்செஸ்கோவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தன் இஷ்டப்படியே நடக்கும் மனைவி வாய்த்தது வெட்கமாக இருக்கிறது என்று 1513இல் அவருக்கே எழுதினார். 1519இல் சிஃபிலிஸ் நோயில் இறந்தார்.

பிறந்த வீட்டிலும் அமைதி இல்லை. மேலே பார்த்த கார்டினல் இப்போலிதோ, ஒரு பெண் விஷயத்தில் பொறாமைப்பட்டு, வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரன் ஜூலியோவின் கண்களைக் குத்த ஆள் ஏவினார். பதிலுக்கு ஜூலியோவும் இன்னொரு தம்பி ஃபெரான்தேயும் 1506இல் சதி செய்து மாட்டினார்கள். ஃபெரான்தே சிறையிலேயே செத்தார். ஜூலியோ வெளியே வந்தது 1559இல்.

[திரையில்: ரோம், 1527.]

கணவருக்குப் பிறகு மகன் ஃபெதெரிகோ ஆட்சிக்கு வந்து, அம்மாவை மெல்ல ஓரங்கட்டினான். இசபெல்லா சும்மா இருப்பாரா? இரண்டாவது மகன் எர்கோலேக்குக் கார்டினல் பதவி வாங்க ரோமில் போய் உட்கார்ந்தார். 1527 மே மாதத் தொடக்கத்தில் பதவி கிடைத்தது. மே 6ஆம் தேதி புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. அந்தப் படையில் ஒரு தளபதி, இசபெல்லாவின் கடைசி மகன் ஃபெரான்தே. ஒரு மகனுக்குப் போப்பிடம் பதவி வாங்கிய அம்மா, இன்னொரு மகனின் படை வரும்போது கொலோன்னா மாளிகையின் வாசல்களை அடைத்துக்கொண்டு, 2,000க்கும் மேற்பட்ட அகதிகளோடு உள்ளே இருந்தார். மாளிகை சூறைக்குத் தப்பியது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் மீட்புப் பணம் கட்டித்தான் வெளியே வந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஓட்டமெல்லாம் கிடைக்கவில்லை. மூத்தவள் எலியோனோரா பிறந்ததில் அம்மாவுக்கு ஏமாற்றம்தான். அவளை உர்பினோவுக்கே, போப் ஜூலியஸின் சகோதரர் மகனுக்குக் கொடுத்தார்கள். இப்போலித்தா, லிவியா இரண்டு பேரும் கன்னிமடத்துக்குப் போனார்கள்.

1530இல் பேரரசர் ஃபெதெரிகோவை டியூக் ஆக்கினார். இசபெல்லா 1539 பிப்ரவரியில் காலமானார். அடுத்த ஆண்டே ஃபெதெரிகோவும் போய்விட, பேரன் சின்னப் பையன். ஆட்சியைக் கவனித்துக்கொண்டது ஃபெதெரிகோவின் விதவை மார்கெரித்தாவும் கார்டினல் எர்கோலேயும்தான்.