டெக்சஸ் காளைக்குத் திமில் எங்கிருந்து வந்தது? ஃபோர்ட் வொர்த் போகிறவர்களுக்கு ஒரு மாட்டுக் கதை

(திரையில்: இரும்புக் கதவு திறக்கிறது. ஒரு காளை துள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது.)

வீடியோவை இங்கேயே நிறுத்தி, அந்தக் காளையை ஒருதடவை நன்றாகப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் திமில். நெஞ்சுவரை தொங்கி ஆடும் அலைதாடி. மதுரைப் பக்கம் ஏதோ வாடிவாசலில் எடுத்தது என்று நினைத்தால், மேலே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பாருங்கள். ஜீன்ஸ், பூட்ஸ், தொப்பி. இடம் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், ஃபோர்ட் வொர்த்.

ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய மாட்டுக்குத் திமில் கிடையாது. அப்புறம் இதற்கு மட்டும் எப்படி? சொல்கிறேன். அதற்குள் வேறு வீடியோவுக்கு ஓடிவிடாதீர்கள்.

முதலில் ஊர் அளவு. சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். ஃபோர்ட் வொர்த் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் ஜனத்தொகை சுமார் 10 லட்சம்தான். மேப்பில் விரல்கடை தூரம்தானே என்று நான் நடந்து கிளம்பினேன். நடைபாதை திடீரென்று முடிந்துபோய்ப் புல்லில் நின்றேன். கார்களில் போனவர்கள் என்னை ஏதோ வண்டி ரிப்பேரான ஆள் மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்கள். வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு, விமான நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிவரை டெக்ஸ்ரெயில் ரயில் இருக்கிறது. அந்த விமான நிலையமே நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. எல்லாமே இங்கே அந்த அளவில்தான்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 1849-இல் ராணுவம் இங்கே ஒரு காவல்முகாம் போட்டது. அதற்குச் சில வாரம் முன்னால் காலராவில் இறந்துபோயிருந்த தளபதி வொர்த்தின் பெயரை வைத்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும், டெக்சஸில் விலை போகாத மாடுகளை வடக்கே கான்சஸ் ரயிலடிவரை நடத்தியே ஓட்டிப்போனார்கள். சிஷோம் தடம் என்று பெயர். வழியில் அரிசி பருப்பு வாங்கக் கடைசிப் பெரிய ஊர் இதுதான். அரிசி இல்லை, காப்பியும் பீன்ஸும்! 1876-இல் ரயில் இங்கேயே வந்தது. அப்புறம் 1900-களின் தொடக்கத்தில் பெரிய இறைச்சி ஆலைகள் வந்தன. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சண்டையைச் சொல்லாமல் நகர முடியாது. ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே டாலஸ். இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. 1875-இல் டாலஸ் பத்திரிகை ஒன்று, ‘ஃபோர்ட் வொர்த் நடுத்தெருவில் சிறுத்தை படுத்துத் தூங்குகிறது, ஊர் அவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்று கேலி செய்தது. இவர்கள் கோபப்பட்டார்களா? ‘ஆமாம், எங்கள் ஊர் சிறுத்தை ஊர்தான்’ என்று அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் இந்த ஊர் போலீஸ்காரரின் சட்டை வில்லையில் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது. பிற்பாடு ஏமன் கார்ட்டர் என்று ஒரு பத்திரிகை முதலாளி இருந்தார். டாலஸுக்குப் போகவேண்டி வந்தால், அந்த ஊரில் ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே கட்டுச்சோறு எடுத்துப்போவாராம். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, மாட்டுக்கு வருவோம்.

ஸ்டாக்யார்ட்ஸ். பழைய மாட்டுச்சந்தை. தரையெல்லாம் செங்கல் பாவிய தெரு. தினமும் காலை 11:30, மாலை 4 மணிக்கு லாங்ஹார்ன் மாடுகளைத் தெருவில் ஓட்டிப்போகிறார்கள். நிஜமாகச் சொன்னால், ஓட்டம் எதுவும் கிடையாது. சாவகாசமாக நடந்துபோகின்றன. ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதற்காகவா வந்தோம் என்று தோன்றும். ஆனால் கொம்பைப் பக்கத்தில் பாருங்கள். ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் ஆறேழு அடி. தலையைத் திருப்பும்போது பக்கத்து மாட்டின் மேல் இடிக்காமல், நெரிசலில் குடையைச் சாய்த்துப் பிடிப்பதுபோல் ஒரு சாய்ப்புச் சாய்க்கிறது பாருங்கள், டிக்கெட் இல்லாமல் பார்க்கிற காட்சிக்கு அது போதும்.

இந்த லாங்ஹார்ன்தான் ஸ்பானியர் கொண்டுவந்த வம்சம். முதுகு தட்டையாக இருக்கிறதா? திமில் இல்லை. நான் சொன்னேனே.

இப்போது அதே தெருவில் இருக்கிற கௌடவுன் கொலிசியத்துக்குள் வாருங்கள். 1918-இலேயே கூரைக்குக் கீழே ரோடியோ, அதாவது கௌபாய்களின் மாட்டு, குதிரைப் போட்டி நடத்திய அரங்கம். வெள்ளி, சனி இரவுகளில் இப்போதும் நடக்கிறது. கயிறு வீசிக் கன்று பிடிப்பது, குதிரையில் பீப்பாயைச் சுற்றிவருவது எல்லாம் முடிந்தபிறகு காளைச் சவாரி. ஒரே ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி தாங்கவேண்டும். மற்றக் கை மாட்டின் மேல் பட்டால் ஆட்டம் போச்சு. எட்டு விநாடி என்ன பெரிய விஷயம் என்கிறவர்கள் மனதுக்குள் எட்டுவரை எண்ணுங்கள். நான் பார்த்த அன்று பாதிப் பேர் நான்கு எண்ணுவதற்குள் மண்ணில் கிடந்தார்கள்.

மார்க் போடுகிற முறைதான் எனக்கு ஆச்சரியம். மொத்தம் 100. அதில் 50 சவாரி செய்கிறவருக்கு, 50 காளைக்கு! சாதுவான காளை கிடைத்தால் எட்டு விநாடி உட்கார்ந்தும் பிரயோசனம் இல்லை. நம் ஜல்லிக்கட்டிலும் பிடிபடாத காளைக்குப் பரிசு உண்டு. ஆனால் நம்மூரில் ஓடிவந்து திமிலைக் கட்டிக்கொள்கிறார்கள். அங்கே திமிலுக்குப் பின்னால் ஏறி உட்காருகிறார்கள். நம்மூர்க்காரருக்குத் திமில்தான் பிடி. அங்கே சவாரி செய்கிறவருக்குத் திமிலில் கை வைக்கவே வழி இல்லை.

அந்தத் திமில் வந்த கதை இதுதான். டெக்சஸ் வெயிலும் உண்ணியும் ஐரோப்பிய மாடுகளைக் கொன்று தீர்த்தன. உண்ணியால் வரும் காய்ச்சலுக்கே டெக்சஸ் காய்ச்சல் என்று பெயர். வெயிலையும் உண்ணியையும் தாங்குகிற மாடு எங்கே இருக்கிறது? இந்தியாவில்! 1906-இல் டெக்சஸின் பியர்ஸ் பண்ணையிலிருந்து போர்டன் என்பவர் இந்தியாவுக்கே வந்து மாடு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். போய்ச் சேர்ந்ததும் ஊருக்குள் விடவில்லை. சர்ரா என்கிற கால்நடை நோய் இருக்கிறது என்று நியூயார்க் பக்கம் ஒரு தீவில் தனிமைப்படுத்திவிட்டார்கள். 2020-இல் நாம் பட்ட பாட்டை அந்த மாடுகள் அப்போதே பட்டிருக்கின்றன. தப்பிப் பிழைத்தவை டெக்சஸ் போயின.

கிர், குசராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, நெல்லூர் மாடு எல்லாம் கலந்து அங்கே ஒரு இனம் உருவானது. அவர்கள் நெல்லூர் என்று எழுதிவைத்திருப்பது நாம் ஓங்கோல் என்று சொல்கிற அதே மாடுதான். இப்படி உருவான இனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பிராமன். இறைச்சிக்காக வளர்க்கிற மாட்டுக்கு! பெயர் வைத்தவர்கள் நம்மூர்க்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரோடியோவில் துள்ளுகிற காளைகளில் பலவற்றுக்கு இந்த ரத்தம் உண்டு. இவற்றின் தோல் உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும். காளை ஒருபக்கம் திரும்பினால் தோல் இன்னொரு பக்கம் நழுவும். மேலே இருப்பவர் கயிற்றோடு சேர்ந்து வழுக்குவார். வெயிலுக்காக அமைந்த உடம்பு, கௌபாயைக் கீழே தள்ளவும் உதவுகிறது.

அரங்கத்துக்கு அருகில் பில் பிக்கெட்டின் சிலையைப் பாருங்கள். கறுப்பின கௌபாய். குதிரையிலிருந்து பாய்ந்து மாட்டின் கொம்பைப் பிடித்து, அதன் உதட்டைப் பல்லால் கடித்துக் கீழே சாய்ப்பார். ஆமாம், பல்லால். 1994-இல் அமெரிக்கத் தபால்துறை அவருக்குத் தபால்தலை வெளியிடத் தயாரானது. அச்சடித்தது அவர் சகோதரர் பென்னின் படம்! மாட்டைக் கடித்தவருக்கு வந்த கதி இது. திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள்.

மாடு போதும் என்கிறவர்களுக்கு கிம்பெல் அருங்காட்சியகம். அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தை வடிவமைத்த அதே லூயி கான் வடிவமைத்து, 1972-இல் திறந்தது. வளைந்த கூரையின் நடுப்பிளவு வழியாக வெயில் உள்ளே வெள்ளியாக வழிகிறது. மைக்கலாஞ்சலோ சிறுவயதில் வரைந்த ஓவியம் ஒன்றும் இங்கே இருக்கிறது. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. மத்தியான வெயிலுக்கு ஏசி, அதுவும் இலவசமாக!

கௌபாய் தொப்பி வாங்கினால், கழற்றி வைக்கும்போது விளிம்பு மேசையில் படாமல் கவிழ்த்துப்போடுங்கள், அதாவது உச்சி கீழே. கட்டிலில் மட்டும் வைக்காதீர்கள், அபசகுனமாம். நான் வாங்கவில்லை. விலையைப் பார்த்ததும் தலைவலி வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் டாலர் நோட்டு அச்சடிக்கிற இரண்டு இடங்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கே அச்சான நோட்டில் எஃப், டபிள்யூ என்று இரண்டு பொடி எழுத்து இருக்கும். உறவுக்காரர் யாராவது அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஆசையாகக் கையில் கொடுத்த ஒரு டாலர் நோட்டு உங்கள் பீரோவில் எங்கேயாவது கிடக்கும். எடுத்துப் பாருங்கள். வலதுபக்கம், கீழ் மூலைக்கு அருகில். இருந்தால் கமென்டில் ‘சிறுத்தை’ என்று போடுங்கள், எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.